இரண்டு ஆண்டு உழைத்த ஸ்டீல் ரோலரும் ஐந்து மில்லிமீட்டர் பாக்கியும்

போன வாரம் என் காரில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி பாதி ஏறி நின்றுவிட்டது. கோரிமேட்டுப் பக்கம் நான் வழக்கமாக விடும் பட்டறையில் கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றினார்கள். அவர்கள் மோட்டாரை மாற்றும் வரை நான் டார்ச் அடித்துக் கதவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். தகட்டின் அதிர்வையும் சத்தத்தையும் அடக்க இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கையால் ஒட்டிய பியூட்டைல் ஷீட் (மேலே அலுமினியத் தாள், அடியில் ஒட்டும் ரப்பர்) நடுவில் தகட்டோடு தகடாகப் படிந்து கிடந்தது. ஓரத்தில் மட்டும் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது.

அன்று இரவே ஏற்காட்டிலிருந்து மனைவியின் தம்பி அழைத்தான். பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். "மாமா, ஷீட் வந்துவிட்டது. அதைத் தகட்டோடு அழுத்தி ஒட்ட எந்த ரோலர் வாங்கட்டும்?" என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஷீட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் ரோலர் என்று வந்தால் இருநூறு ரூபாய்க்கு யோசிப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மரக் கைப்பிடி, ரப்பர் சக்கரம், நடுவில் ஒரு சாதாரண ஆணி. கூரையில் பாதி முடிப்பதற்குள் அச்சுத் துளை தேய்ந்து சக்கரம் ஆடத் தொடங்கியது. அழுத்தினால் உருளாமல் இழுத்துக்கொண்டு போனது. சேலத்து மே மாத வெயிலில், காருக்குள் தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டியவனுக்குத்தான் அந்த வலி தெரியும். மறுநாள் இட்லியைப் பிட்டுத் தின்னக்கூட விரல் மடங்கவில்லை.

அதன் பிறகு வாங்கியதுதான் இந்த ஸ்டீல் ரோலர். இரண்டு அங்குல அகலம், இரண்டு பக்கமும் பேரிங், உள்ளங்கையில் நன்றாக உட்காரும் கைப்பிடி. இதன் அருமையைச் சொல்லாமல் விட்டால் அது நியாயம் இல்லை. ஷீட்டின் அலுமினியத் தாளில் டைமண்ட் டைமண்டாகப் புடைப்பு இருக்கும். அந்தப் புடைப்பு தட்டையாகிறவரை அழுத்தினால்தான் அடியில் காற்று இல்லாமல் ரப்பர் தகட்டைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பழைய ரோலரில் பத்து முறை தேய்த்தும் பாதி புடைப்பு அப்படியே நிற்கும். இதில் இரண்டாவது உருட்டலிலேயே தாள் கண்ணாடிபோல் வழவழவென்று ஆகிவிடும். என் காரோடு சேர்த்து நண்பர்களின் கார்கள் மூன்றுக்கும் இதைத்தான் பயன்படுத்தினேன். பேரிங் இன்றைக்கும் சத்தமில்லாமல் சுற்றுகிறது. முன்பெல்லாம் கூரையை விரல் முட்டியால் தட்டினால் 'டங்' என்று அதிரும். இப்போது 'டொப்' என்று அடங்கிவிடுகிறது. ஏற்காட்டு மழையில் நனைந்துகொண்டே இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வரும்போது, பின்சீட்டில் இருப்பவர்களிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிகிறது. அந்தச் சந்தோஷத்தை இந்த ரோலர்தான் கொடுத்தது.

ஆனால் கதவுக்கு வந்தால் கதை வேறு.

கதவுக்குள் சமதளம் குறைவு. குறுக்கே வலுவூட்டும் இரும்புக் குழாய், சுற்றிலும் மடிப்பு, மூலைக்கு மூலை பள்ளம். என் ரோலரின் சக்கரத்தை இரண்டு பக்கமும் கவட்டை மாதிரி இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன. அந்தக் கைகளுக்கு வெளியே நட்டின் தலை துருத்திக்கொண்டிருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன். சக்கரத்தின் விளிம்பிலிருந்து நட்டின் தலை வரை ஐந்து மில்லிமீட்டர். மடிப்பை ஒட்டி உருட்டும்போது நட்டுதான் முதலில் போய் இடிக்கும். சக்கரம் ஐந்து மில்லிமீட்டர் தள்ளியே நிற்கும். பட்டறையில் தூக்கிக்கொண்டு நின்ற பட்டையும் அதே அகலம்தான். அந்தப் பட்டையில் மட்டும் டைமண்ட் புடைப்பு ஒன்றுகூட நசுங்காமல், பெட்டியிலிருந்து எடுத்த அன்று இருந்ததுபோலவே இருந்தது. அதன் அடியில் செம்மண் கலந்த ஈரக் கோடு ஒன்று ஓடியது.

இதை அப்போதே நான் கவனிக்காமல் இல்லை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ஓரங்களை அமுக்கிப் பார்த்தேன், கட்டைவிரலாலும் அமுக்கினேன். போதவில்லை. கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது எல்லாக் கார்களிலும் உள்ளதுதான். அது ஒழுகிப் போகத்தான் அடியில் துளைகள் இருக்கின்றன. ஒட்டாத ஓரத்தில் அந்தத் தண்ணீர் தங்கினால் ஷீட் போவது மட்டுமல்ல, தகடே துருப்பிடிக்கும். இன்னும் துரு வரவில்லை. இன்னொரு மழைக்காலம் கண்ணாடி பழுதாகாமல் ஓடியிருந்தால் நான் பார்த்திருக்கவே மாட்டேன் என்பதை நினைத்தால்தான் எரிச்சல் அடங்கவில்லை. பேரிங்குக்கு இவ்வளவு யோசித்தவர்கள் நட்டின் தலையைச் சக்கரத்துக்குள் பதித்திருக்கக் கூடாதா? ஷீட்டில் ஓரம்தானே முதலில் விடும்!

பட்டறையிலேயே ஓரத்தைத் துடைத்துக் காயவைத்து, ஹேர் டிரையரால் சூடுகாட்டி, பக்கத்திலிருந்த பஞ்சர் ஒட்டும் கடைக்காரரிடம் ஒரு ரோலரை இரவல் வாங்கி அழுத்தினேன். ஒரே பக்கம் கை உள்ள, ஓர் அங்குல ரோலர் அது. இன்னொரு பக்கம் சக்கரம் திறந்தே இருக்கிறது. மடிப்பின் மூலைவரை நேராகப் போய் நின்றது. பேரிங் கிடையாது, கொஞ்சம் கிறீச்சிட்டது. ஆனாலும் ஐந்து நிமிடத்தில் அந்தப் பட்டை முழுவதும் தட்டையாகிவிட்டது.

அதனால் மைத்துனனிடம் சொல்லிவிட்டேன்: ஸ்டீல் ரோலர் வாங்காதே. ஒற்றைக் கை உள்ள சின்ன ரோலரை வாங்கு. கூரைக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகும், கை வலிக்கும், பரவாயில்லை. ஏற்காட்டுக் குளிரில் ஷீட் விறைப்பாக இருக்கும், சூடுகாட்டாமல் ஒட்டாதே. வெளித்தகட்டில் அழுத்தும்போது மறு உள்ளங்கையை வெளியே வைத்துத் தாங்கிக்கொள், இல்லையென்றால் தகடு குழிந்துவிடும். அடித்துளைகளின் மேல் ஒட்டிவிடாதே.

"உங்களுடைய ரோலரை இரவல் தாருங்களேன் மாமா, கூரைக்கு மட்டும்" என்று கேட்டான். தர மனம் வரவில்லை. அதைக் கையில் எடுத்தால் அவன் கதவையும் அதிலேயே முடித்துவிடுவான். அவ்வளவு சுகமாக ஓடும்.