“கேஸ் தீர்ந்துபோச்சு” என்று சொன்னால் உஷாராகுங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது அது. நன்றாகக் குறைந்துவிட்டது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

என் காரில் கூலிங் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒர்க்‌ஷாப்பில், “பழைய வண்டி சார், வருஷா வருஷம் கேஸ் போட்டே ஆகணும்” என்று சொல்லி நிரப்பி அனுப்பினார்கள். லீக் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. சில வாரத்தில் பழையபடி சூடான காற்று. திரும்பப் போனதும் மறுபடியும் கேஸ், மறுபடியும் பில். அந்தக் கேஸும் வெளியேறிவிட்டபோது ஏசியைப் போட்டால், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரை எஞ்சினோடு இணைக்கும் கிளட்ச் ஒட்டவே இல்லை. உடனே, “கம்ப்ரஸர் அவுட்” என்று தீர்ப்புச் சொல்லி மாற்றிவிட்டார்கள். கழற்றிய பழையதைக் கேட்டேன், குப்பையில் போட்டாச்சு என்றார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

புது கம்ப்ரஸரிலும் கூலிங் நிலைக்கவில்லை. வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் எதையும் கழற்றாமல் முதலில் டார்ச் அடித்துக் குழாய் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்ஸருக்குப் போகும் குழாயின் இணைப்பில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் புழுதி அப்பியிருந்தது. கம்ப்ரஸர் ஆயில் கேஸோடு கலந்தே ஓடுவதால், கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கசியுமாம். சோப்புத் தண்ணீர் தடவினார். பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. இறுகிப்போன ஒரு ஓ-ரிங் (இணைப்பில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்), அவ்வளவுதான் கோளாறு.

கிளட்ச் ஒட்டாததற்கும் அதுதான் காரணம். கேஸ் ரொம்பக் குறைந்தால், கம்ப்ரஸர் கெடாமலிருக்க பிரஷர் சுவிட்ச் கிளட்ச்சுக்குப் போகும் கரண்டைத் துண்டித்துவிடும். தன்னைக் காப்பாற்றிக்கொண்டு சும்மா இருந்த கம்ப்ரஸரைத்தான் செத்துப்போச்சு என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் எதையும் பார்க்காமல் கம்ப்ரஸர் போச்சு என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஓ-ரிங் மாற்றியபின் அவர் வேக்கம் பம்ப் போட்டு அரை மணி நேரத்துக்கு மேல் உள்ளேயிருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்தார். அப்புறம் பம்பை நிறுத்தி, அழுத்தம் காட்டும் கேஜின் முள் ஏறாமல் நிற்கிறதா என்று காத்திருந்து பார்த்தார். பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் போட்டிருந்த எடைக்கு, தராசில் வைத்துக் கேஸ் ஏற்றினார். முதலில் போன இடத்தில் இதில் ஒன்றுகூடச் செய்யவில்லை. அதிகமாக ஏற்றினாலும் கூலிங் குறையும், கம்ப்ரஸருக்கும் கேடு.

இன்னொன்று: ஓடும்போது சில்லென்று இருந்து, சிக்னலில் நின்றால் மட்டும் சூடானால், கேஸ் போடச் சம்மதிக்கும் முன் கண்டென்ஸர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். காற்றே குறைவாக வந்தால் காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும், பழையதைக் கையில் கொடுக்க வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.