சர்வீஸ் சென்டரில் லேப்டாப் கொடுக்கும் முன் படியுங்கள் – என் 68,400 ரூபாய் போயிற்று

68,400 ரூபாய். பில் கையில் இருக்கிறது. அந்தப் பணம் முழுக்க வீண் என்று இன்று மதியம்தான் தெரிந்தது. வயிறு எரிகிறது, அதே சூட்டில் எழுதுகிறேன்.

பெயர் வேண்டாம். உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி, பெங்களூரில் அதன் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர். நான் அல்சூரில் வீட்டிலிருந்தபடியே தமிழ்ப் புத்தகங்களுக்கு லேஅவுட் செய்கிறவன். கல்லூரிக் காலத்திலிருந்து இவர்கள் மெஷின்தான். தமிழ் எழுத்து இவர்கள் திரையில் தெரிகிற அழகுக்காகவே விலையைப் பார்க்காமல் வாங்கினேன். தங்கை, மச்சான், கூட வேலை பார்த்தவர்கள் என்று எத்தனை பேரை வாங்க வைத்திருக்கிறேன்! பழைய மாடலில் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி நாமே ராம் என்கிற மெமரியைப் போட்டுக்கொள்ளலாம். இப்போது ராம், ஸ்டோரேஜ் எல்லாமே மதர்போர்டோடு சேர்ந்து வருகிறது. போர்டு போனால் உள்ளே இருக்கும் வேலையும் போச்சு.

எனக்கு வந்தது திரைக் கோளாறு. மூடியைப் பாதி திறந்தால் படம் தெரியும், இன்னும் கொஞ்சம் விரித்தால் இருண்டுவிடும்.

கவுன்டரில் இருந்த தம்பி என் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேச ஆரம்பித்தார். கிருஷ்ணகிரி பக்கமாம். உள்ளே எடுத்துப் போய்விட்டு வந்து, "அண்ணா, தண்ணி பட்டிருக்கு. போர்டு மாத்தணும், 68,400 ஆகும்" என்றார். என் மெஷின் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வைக்க மாட்டேன் என்றேன். "ஈரக்காத்துலயே ஆகும்ணா" என்றார். உள்ளே முடியாத இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன, அதுதான் என் கவலை என்று சொன்னபோது, என் கையைத் தொட்டு, "டேட்டாவுக்கு நான் பொறுப்புண்ணா, நிம்மதியா போங்க" என்றார். நம்ம ஊர்க்காரர் வாயால் சொன்ன சொல். முழுப் பணத்தையும் அங்கேயே கட்டினேன்.

மெஷின் திரும்பி வந்தது, காலியாக. இரண்டு புத்தகமும் இல்லை. பழைய போர்டு எங்கே என்றால் கம்பெனிக்குப் போய்விட்டதாம், திரும்பி வராதாம். சில வாரத்தில் திரை மறுபடி இருண்டது, அதே கோணத்தில். அப்புறம் நடந்ததுதான் கொடுமை. வாரண்டி போர்டுக்கு மட்டுமாம், திரை வேறு பிரச்சினையாம், அதற்குத் தனியாக எஸ்டிமேட்டாம். கஸ்டமர் கேரில் ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். "மேலே அனுப்பியிருக்கிறோம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அந்தத் தம்பி இப்போது என்னிடம் இங்கிலீஷில் மட்டும் பேசுகிறார்.

இன்று எஸ்.பி. ரோட்டில், பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில், ஒரு சின்னக் கடையில் கொடுத்தேன். அந்தப் பெரியவர் கண் முன்னாலேயே பிரித்துக் காட்டினார். கீல் ஓரத்தில் திரைக்குப் போகும் பட்டைக் கேபிள், மடிந்து மடிந்து நைந்து கிடந்தது. கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர். தண்ணீர் பட்டால் அது சிவந்துவிடுமாம். துளி சிவப்பு இல்லை, பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. கேபிளை மாற்ற 4,500 வாங்கினார், திரை இப்போது எந்தக் கோணத்திலும் நிற்கிறது. நான் 68,400 கட்டியது எந்தத் தண்ணீருக்கு?

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. தண்ணீர் பட்டது என்று சொன்னால் அந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக் கேளுங்கள். டேட்டாவைக் காப்பி எடுக்காமல் மெஷினைக் கொடுக்காதீர்கள், யார் வாக்குக் கொடுத்தாலும் சரி. பழைய பாகம் திரும்ப வேண்டும் என்று ஜாப் ஷீட்டில், அதாவது மெஷினை வாங்கிக்கொண்டு அவர்கள் தரும் சீட்டில், எழுதி வாங்குங்கள். கோணம் மாறும்போது திரை இருண்டால் முதலில் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பில், ஜாப் ஷீட், வெள்ளை ஸ்டிக்கர் போட்டோ எல்லாம் தயார். இதே சென்டர் மாதிரி இடத்தில் தண்ணீர் கதை கேட்டு ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் பில்லோடு சொல்லுங்கள், சேர்ந்தே போடுவோம்.