பத்மினிக்கு ரெடிமேட் சீட் கவர் செட்: தையல் மிச்சம், வேலை மிச்சமில்லை

ப்ரீமியர் பத்மினி காருக்கென்று ஆன்லைனில் விற்கும் ரெக்சின் கவர் செட்டைப் பிரித்தால் உள்ளே இருப்பது இவ்வளவுதான்: முன் பெஞ்ச் சீட்டின் அடிக்கும் சாய்வுக்கும் இரண்டு உறை, பின் சீட்டுக்கு இரண்டு, நான்கு கதவுக்கும் ஹார்ட்போர்டில் ஒட்டிய பேட், உறையைச் சீட்டின் கம்பியோடு சேர்த்துக் கவ்விப் பிடிக்கும் ஹாக் ரிங் ஒரு பொட்டலம். ஃபோம், தரை மேட், டாப் லைனிங் (கூரையின் உட்பக்க உறை) எதுவும் வராது. நான்கு உறைகளும் கொடுத்த காசுக்குத் தகும். கதவு பேட் தேறாது. ஹாக் ரிங்கைப் பொட்டலம் பிரிக்காமலே ஓரமாக வைத்துவிடலாம்.

வாங்குமுன் உங்கள் வண்டியில் கியர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டியரிங் தண்டில் கியர் உள்ள பெஞ்ச் சீட் வண்டிக்குத்தான் இந்த அளவு. முன்னால் தனித்தனி சீட் உள்ள வண்டிக்குப் பின் சீட் உறை மட்டும்தான் உதவும். ஆர்டர் போடும்போது விற்பவர் இதைக் கேட்பதே இல்லை. நிறத்தில் பிஸ்கட், மெரூன், கறுப்பு இருக்கின்றன. கறுப்பு படத்தில் கம்பீரமாகத்தான் தெரியும். சித்திரை மாதம் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் அருமை தெரியும்.

உறைகளில் முதலில் நல்லது. ரெக்சினின் முதுகில் பனியன் துணி ஒட்டியிருக்கிறது. நெய்த துணி ஒட்டிய ரெக்சின் மூலைகளில் வளையாது, மடிப்பு விழும். இது இழுத்த இழுப்புக்கு வரும். தையல் நூல் பாலியஸ்டர். பருத்தி நூல் வியர்வைக்கு மக்கிவிடும், நைலான் வெயிலில் பாலியஸ்டர் அளவுக்குத் தாங்காது. தையல் இடைவெளி 4 மி.மீ. வரை இருக்கிறது, அதுவும் சரி. நெருக்கித் தைத்தால் ரெக்சின் தபால்தலை ஓரம் மாதிரி துளைத் துளையாகி, ஆள் உட்காரும்போது அந்த வரியிலேயே கிழியும்.

குறை இருப்பது உட்பக்கம். சீட்டின் நடுவில் கோடு கோடாகத் தைத்த பாகத்தைக் கீழே இழுத்துப் பிடிக்க, உறையின் அடியில் துணிக்குழல் தைத்து அதனுள் கம்பி செலுத்துவார்கள். இந்த செட்டில் அந்தக் குழல் மெல்லிய காடாத் துணி. கம்பியில் ரிங் போட்டு இழுத்ததும் பிய்ந்துவிடும். அதைப் பிரித்துவிட்டு, 2 அங்குல அகலத்தில் படுதாத் துணியை மடித்துப் பழைய தையல் வரியிலேயே வைத்துத் தைத்துவிடுங்கள். வீட்டுத் தையல் மெஷினில் 18-ஆம் நம்பர் ஊசி போட்டால் போதும். ரெக்சின் மெஷினின் அழுத்துக் காலில் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றால் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவலாம். பைப்பிங் (ஓரத் தையலில் வரும் உருண்டைப் பட்டி) கூடுகிற மூலையில் நாலைந்து மடிப்பு சேரும். அங்கே மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், இல்லாவிட்டால் ஊசி ஒடியும்.

இனி, செட் விற்பவர் பேசாத விஷயம். 'கவர் சுருங்கித் தெரிகிறது' என்று இந்த செட்டைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் பழைய தொய்ந்த அடிமானத்தின் மேல் புது உறையைப் போர்த்தியவர்கள். சீட்டைக் கழற்றி, பழைய உறையையும் நாரையும் நீக்கிவிட்டு ஒவ்வொரு ஸ்பிரிங்காகக் கையால் அழுத்திப் பாருங்கள். டிரைவர் பக்கம்தான் பெரும்பாலும் படுத்திருக்கும். ஒடிந்ததை மாற்றுங்கள்; லாரி சீட் தைக்கிற பட்டறைகளில் பழைய சட்டத்திலிருந்து கழற்றித் தருவார்கள். கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு ஒரு கை அடியுங்கள். ஈரம் காயாமல் மேலே எதையும் வைத்தால் துரு மறுபடி ரெக்சின் வரை ஊறும்.

ஸ்பிரிங் மேல் சணல் சாக்கு இரண்டு மடிப்பு போட்டு, ஓரக் கம்பியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். சாக்கு இல்லாமல் நேரடியாக ஃபோம் வைத்தால் ஸ்பிரிங் அதை வட்ட வட்டமாக அறுத்துவிடும். கையில் இருக்கிறதே என்று பிளாஸ்டிக் உரச்சாக்கைப் போடாதீர்கள். கம்பி உரசி மேடு பள்ளம்தோறும் கீச்சிடும். பழைய தேங்காய் நார் அடுக்கு எலி குடியிருந்ததாக இருக்கும், தூக்கிப் போடுங்கள். பழைய முறையே வேண்டுமென்றால் சிங்கம்புணரிப் பக்கம் நார் கிடைக்கும், ஆனால் அதைச் சீராகப் பரப்பத் தெரிந்த கை வேண்டும். வீட்டில் செய்கிறவருக்கு ஃபோமே சுலபம். அடிக்கு 40 டென்சிட்டி 2 அங்குலம், சாய்வுக்கு 32 டென்சிட்டி 1 அங்குலம். சாதாரண மெத்தைக் கடை ஃபோம் சீக்கிரமே அமுங்கிவிடும். ஒட்டுவதற்கு ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு அழுத்தவேண்டும். கோடையில் இந்தப் பதம் ஐந்தே நிமிடத்தில் வந்து காய்ந்தும் போகும் என்பதால் காலை எட்டு மணிக்கு முன் முடிப்பது நல்லது. திறந்த இடத்தில் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது.

உறை மாட்டுவதற்கு மட்டும் வெயில் உதவி. அரை மணி நேரம் வெயிலில் விரித்து வைத்தால் ரெக்சின் இளகும். அதற்கு மேல் விட்டால் இழுத்த இடம் இழுத்தபடியே நின்றுபோகும். மழை நாளில் முடி உலர்த்துகிற டிரையர் போதும். நடுக்கம்பியை முதலில் ரிங் போட்டுக் கட்டி, பிறகு முன்பக்க நடு, பின்பக்க நடு, அதன்பின் இரு பக்கம், கடைசியில்தான் மூலை. மூலையில் தொடங்கினால் கோடுகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரியும். அதைச் சரிசெய்ய எல்லா ரிங்கையும் வெட்ட வேண்டும். செட்டோடு வருகிற ரிங் மெலிசு, பிடி தளர்ந்து விரிந்துவிடும். கனமான கால்வனைஸ்டு ரிங்கும் அதற்குரிய பிளையரும் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிங் பிளையரால் சமாளித்துவிடலாம் என்பவரின் விரல் நகங்களைப் பாருங்கள்.

கதவு பேட் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். கண்ணாடி இடுக்கு வழியே மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். செட்டில் வரும் ஹார்ட்போர்டு அந்த ஈரத்தில் உப்பி, கிளிப் துளைகள் பெரிதாகி, பேட் தொங்கத் தொடங்கும். பழைய பேடை வைத்து அளவு வரைந்து 3 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளையில் வெட்டி, செட்டில் உள்ள ரெக்சினை உரித்து அதில் ஒட்டுங்கள். மாட்டுமுன் கதவின் இரும்பின் மேல் பாலித்தீன் தாள் ஒன்றை ஒட்டி, அதன் கீழ் ஓரத்தைக் கதவின் உள்ளே செருகிவிடுங்கள். தண்ணீர் பேட் பக்கம் வராமல் உள்ளேயே வடிந்து கீழ்த் துளை வழியாகப் போய்விடும். அந்தத் துளை மண் அடைத்திருந்தால் கம்பி விட்டுக் குத்துங்கள்.

தைக்கத் தெரிந்தவருக்கு இந்த செட்டே தேவையில்லை. 54 அங்குல அகல ரெக்சின் 8 மீட்டர் வாங்கினால் சீட்டுக்கும் கதவுக்கும் பைப்பிங்குக்கும் வந்துவிடும். பழைய உறையைத் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எண்ணும் முன்பக்கமும் குறித்து, அதையே அச்சாக வைத்து வெட்டலாம். பழையது உட்கார்ந்து உட்கார்ந்து இழுபட்டிருக்கும் என்பதால் இடமும் வலமும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டுக்கொண்டு வெட்டுங்கள்.

சீட் வெளியே இருக்கும்போதே தரை மேட்டைத் தூக்கித் துருவைப் பார்த்துவிடுங்கள். டாப் லைனிங்கில் மட்டும் கை வைக்காதீர்கள். அதன் ஓரம் முன்கண்ணாடி, பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்குக்குள் போகிறது; கண்ணாடியை எடுக்காமல் ஒழுங்காக மாற்ற முடியாது. பழைய பீடிங் கல்லாக இறுகியிருக்கும். நெம்பினால் கண்ணாடி விரிசல் விடும். அந்த ஒன்றைக் குஷன் பட்டறையிடம் விடுங்கள், புது பீடிங்கை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு.