கோலமா, ஆத்தங்குடிக் கல்லா, கடை எரிமலையா? பள்ளிச் செயல்திட்டத்துக்கு எதைத் தேர்வது

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் கண்காட்சி அறிவிப்பு வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு மூன்று குரல்கள் எழும். "தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூவேலைக் கல்லைப் பற்றிச் செய்துவிடு, நம்மூர்ப் பெருமை, மார்க் போடாமல் இருக்க மாட்டார்கள்" என்பார் அம்மா. கடையில் எரிமலை மாதிரி தயாராகக் கிடைக்கிறது, வாங்கி ஒப்பேற்றிவிடலாம் என்பார் அப்பா. "எனக்குக் கிரிக்கெட் பற்றிச் செய்யத்தான் ஆசை" என்று பிள்ளை முனகும். மூன்றாவது குரல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அறிவியல் ஆசிரியையாகவும், அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் நடுவராகப் போய் உட்கார்பவளாகவும் என் ஓட்டு அந்த மூன்றாவது குரலுக்குத்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற ஓட்டு இல்லை. பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது என்பது மட்டும் போதாது. அந்த விஷயத்தில் அவன் கை ஏற்கெனவே பட்டிருக்க வேண்டும். விடை தெரியாத ஒரு கேள்வியாவது அதில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அம்மா சொன்ன ஆத்தங்குடிக் கல்லே மேல்.

கடைச் சரக்கை முதலில் பேசி முடித்துவிடலாம். தெர்மகோல் மலை, நடுவில் ஒரு குழி, அதில் சமையல் சோடா, மேலே சிவப்புச் சாயம் கலந்த வினிகர். பொங்கி வழிவது கரியமில வாயு. நிஜ எரிமலையில் நடப்பதற்கும் இதற்கும் உறவே இல்லை. அங்கே உருகிய பாறைக்குள் கரைந்திருக்கும் வாயுக்கள், மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து விரிந்து வெளியேறுகின்றன. எரிமலை என்று எழுதி ஒட்டிய மேசையில் நின்றுகொண்டு அமில காரச் சோதனையைக் காட்டுகிறோம் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இதற்காகக் கடையை நான் இழிவாகப் பேசமாட்டேன். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், நாளை காலை பொருள் வேண்டும் என்று இரவு எட்டு மணிக்குப் பிள்ளை சொன்னால் வேறு வழி ஏது? வாங்கிய மாதிரியைக் கொண்டே, சோடாவின் அளவை மாற்றாமல் வினிகரை மட்டும் கூட்டிக்கொண்டே போய், எந்த அளவுக்குப் பிறகு நுரை கூடவில்லை என்று எழுதி வரும் பிள்ளைக்கு நான் தாராளமாகவே மதிப்பெண் போடுவேன். அப்படி யாரும் செய்வதில்லை என்பதுதான் சிக்கல்.

அடுத்தது ஊர்ப் பெருமை. செட்டிநாட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. கண்டாங்கிச் சேலை, பனையோலைக் கொட்டான், பர்மா தேக்குத் தூண்கள், ஒன்பது நகரக் கோயில்கள், ஊருணிகள் என்று கையை நீட்டினால் தலைப்பு. அதனாலேயே இங்கே இது ஆபத்தானதும்கூட. ஒரே கண்காட்சியில் நாலைந்து மேசைகளில் ஒரே கானாடுகாத்தான் அரண்மனைப் படம், ஒரே வாக்கியங்கள். தகவலும் பிசகும். செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலம் என்று எழுதிவிடுகிறார்கள். 2014-இல் இடம்பெற்றது உத்தேசப் பட்டியலில்தான். அது ஒரு வகையில் விண்ணப்ப வரிசை. கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-இல். அதைச் சரியாக எழுதும் பிள்ளையிடம் "கண்டாங்கியை மற்றச் சேலையிலிருந்து எப்படி அடையாளம் காண்பாய்?" என்று கேட்டால் திரும்பி அட்டையைப் பார்க்கிறது.

எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததையும், 1948-இல் நேரு வந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டியதையும் இங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அந்த ஆய்வகம் ஆராயும் பெரிய விஷயங்களில் ஒன்று உலோக அரிப்பு. ஆனால் உப்புத் தண்ணீரில் ஓர் ஆணியையும் நல்ல தண்ணீரில் ஓர் ஆணியையும் போட்டுத் துருவைக் கவனித்த பிள்ளை, ஒப்பித்தவர்களில் எத்தனை பேர்?

இத்தனையும் சொன்ன பிறகும், ஆத்தங்குடிக்கு நேரில் போய் நிற்கும் பிள்ளைக்கு அந்தத் தலைப்பு தங்கம். பட்டறையில் ஒரு கண்ணாடித் தகடு; அதன்மேல் உலோகச் சட்டம்; சட்டத்துக்குள் பூவேலை அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை நேராக மேலே தூக்கும்போது கை ஆடக் கூடாது. ஆடினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். பிறகு உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த தூளைத் தூவுகிறார்கள். நிறக் குழம்பில் மிஞ்சிய ஈரத்தை அது இழுத்துக்கொள்கிறது. அதன்மேல் ஈரக் கலவையை வைத்து நிரவுகிறார்கள். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். மேல்முகத்தின் பளபளப்பு கண்ணாடி தந்தது. சூளையே கிடையாது.

சூளை இல்லாமல் கல் எப்படி இறுகுகிறது? காய்ந்து இறுகுவதாகத்தான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். உண்மையில் சிமெண்டு தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது, அதனால்தான் தொட்டி. தீப்பெட்டி அளவில் சில சிமெண்டுக் கட்டிகள் வார்த்து, பாதியைத் தண்ணீரிலும் பாதியை வெயிலிலும் போட்டு, எது முதலில் உடைகிறது என்று பார்த்தால் ஆத்தங்குடி அந்தப் பிள்ளையின் சொந்தச் சோதனை ஆகிவிடும். ஆனால் கட்டடக்காரர்கள் சிமெண்டின் வலிமையைச் சோதிக்க 28 நாள் கணக்கு வைத்திருக்கிறார்கள். கண்காட்சிக்கு முந்தின வாரம் தொடங்கினால் இது நடக்காது.

இனி ஆசைக்கு வருகிறேன். என் வகுப்பில் ஒரு பெண். பாடத்தில் நடுத்தரம், கோலத்தில் கெட்டி. அப்பத்தாவிடம் பழகியது, நடுவீட்டுக் கோலம்கூட அவள் கைக்கு வரும். கோலத்தைச் செயல்திட்டமாகச் செய்கிறேன் என்றதும் வீட்டில், "கோலமெல்லாம் ஒரு புராஜெக்டா?" என்றார்கள். நானும் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. "அதில் உனக்கே தெரியாதது ஒன்று சொல்லு" என்றேன். கொஞ்சம் யோசித்து, "சில சிக்குக் கோலம் ஒரே இழையில் முடிந்துவிடுகிறது டீச்சர், சிலது முடிவதில்லை. ஏன் என்று தெரியவில்லை" என்றாள். அந்த ஒரு வாக்கியம் போதும், மற்றது தானாக நடக்கும்.

நேர்வரிசையில் புள்ளி வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் இழைகள் குறுக்கே வெட்டிச் செல்லும் எளிய சிக்குக் கோலத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி: ஒரே இழை. 3-க்கு 3: மூன்று இழைகள். 4-க்கு 6: இரண்டு. 5-க்கு 7: மறுபடியும் ஒன்று. நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டே போனவளுக்கு ஒரு கட்டத்தில் பிடிபட்டுவிட்டது. இழைகளின் எண்ணிக்கை அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி. ஆறாம் வகுப்பில் விளங்காமல் மனப்பாடம் செய்த அதே சங்கதி. கண்காட்சி நாளில் ஒரு நடுவர், "6-க்கு 9 போட்டால்?" என்று மடக்கினார். "மூன்று இழை சார்" என்று சொல்லிவிட்டு, நம்பிக்கை இல்லையென்றால் இதோ என்பதுபோல் மூன்று நிறப் பொடியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். செலவு கோலப்பொடிக்கு மட்டும்தான்.

கிரிக்கெட் பையனுக்கும் இதே வைத்தியம்தான். அவன் முதலில் கொண்டுவந்தது வீரர்களின் படங்கள் ஒட்டிய அட்டை. அதில் இவன் எங்கே இருக்கிறான்? தொலைக்காட்சியில் பார்ப்பது மட்டும்தான் ஆசை என்றால் அது செயல்திட்டம் ஆகாது. இவனோ மாலையில் செம்மண் திடலில் டென்னிஸ் பந்தில் விளையாடுகிறவன். சர்வதேச டென்னிஸ் விதிப்படி, பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கடினத் தரையில் விட்டால் அது 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். நம் கடைத்தெருப் பந்து அந்தக் கணக்கில் தேறுமா? செம்மண்ணில் எவ்வளவு, தண்ணீர் தெளித்த செம்மண்ணில் எவ்வளவு, பள்ளிக்கூடச் சிமெண்டுத் தளத்தில் எவ்வளவு? சுவரில் அளவுகோல் வரைந்து, நண்பன் கைப்பேசியில் மெதுவோட்டப் படம் எடுத்தால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை.

சிராவயல் மஞ்சுவிரட்டுக் காளை வளர்க்கும் வீட்டுப் பிள்ளையின் கதை வேறு. மார்புச் சுற்றளவையும் உடல் நீளத்தையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி, 300-ஆல் வகுத்தால் மாட்டின் எடை ஏறக்குறைய பவுண்டில் கிடைக்கும். கணக்கு யாருக்கும் வரும். அந்தக் காளையின் மார்பில் நாடாவைச் சுற்றும் துணிச்சல் அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் உண்டு. பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் எவ்வளவு வைத்தோம், மாதத்தில் எடை எவ்வளவு ஏறியது என்று அவன் எழுதி வந்தால், அந்தத் தகவலைக் கூகுள் உட்பட யாராலும் கொடுக்க முடியாது. ஆசையின் பெரிய பலம் இதுதான் என்பேன்: வேறு யாருக்கும் திறக்காத கதவு அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே திறந்திருக்கிறது.

சேகரிப்பு ஆசையை மட்டமாக நினைக்கிறவர்களுக்குக் கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைவுபடுத்த வேண்டும். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று கண்டதையெல்லாம் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்க, 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. பிள்ளையின் தீப்பெட்டிப் படச் சேகரிப்பு அந்த உயரத்துக்குப் போகும் என்று சொல்லவில்லை. ஆனால் படங்களை ஒட்டி நீட்டுவதோடு நிற்காமல், எந்த ஊரில் அச்சானது, என்ன விலை, என்ன படம் என்று வகைபிரித்து அட்டவணை போட்டால் அது செயல்திட்டம். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பீங்கான், எனாமல் பாத்திரங்களின் அடிப்பக்கத்தில் தயாரிப்பு நாட்டின் பெயரைத் தேடிப் பார்ப்பதும் இதே வகைதான். கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால், பணத்தில் கடைச் சரக்குதான் அதிகம் பிடுங்கும். ஆசை பெரும்பாலும் சும்மா வரும். நேரத்தில் தலைகீழ்: கடைக்கு ஒரு மாலைப்பொழுது, ஊர்ப் பெருமைக்குக் குறைந்தது இரண்டு சனிக்கிழமை, ஆசைக்கு முடிவே கிடையாது. தேதி குறித்து நிறுத்தாவிட்டால் கோலப் பெண் இன்னும் புள்ளி வைத்துக்கொண்டிருப்பாள். பெற்றோர் கை நுழைவது கடையிலும் ஊர்ப் பெருமையிலும் அதிகம். அட்டை எழுதுவது அக்கா, படம் ஒட்டுவது அம்மா, பிள்ளை தூக்கிக்கொண்டு வரும். ஆசையில் பெற்றோருக்கு விஷயமே தெரியாது என்பதால் தானாக ஒதுங்கிவிடுகிறார்கள். மேசைக்குப் பின்னால் நிற்கும்போதுதான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எழுதாத ஒரு கேள்வியைக் கேளுங்கள். கடைப் பிள்ளை விழிக்கும், ஊர்ப் பெருமைப் பிள்ளை அட்டையைப் பார்க்கும், ஆசைப் பிள்ளை உங்களையே எதிர்க்கேள்வி கேட்கும்.

ஆசைக்கு எதிராகவும் இரண்டு உண்டு. பிரியமானவன் ஓரம்சாய்வான், தன் காளையின் எடையை அவன் கூட்டித்தான் எழுதுவான், ஆகவே அளக்கும்போது பக்கத்தில் வேறு ஆள் நிற்க வேண்டும். மற்றது இன்னும் கனமானது. சில பிள்ளைகளுக்குப் பாட்டோ படம் வரைவதோ பள்ளிக்கூடம் எட்டாத தனி இடம். அதற்குப் போய் ஐந்துக்கு மூன்று என்று மதிப்பெண் போட்டால் மறுநாள் அந்தத் தூரிகையைத் தொடாது. வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் விட்டுவிட வேண்டும். அதற்கு ஆத்தங்குடி இருக்கிறது, ஆணியும் உப்புத் தண்ணீரும் இருக்கின்றன.

10 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கான தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், உள்ளூரில் களத்தில் இறங்கிச் செய்த ஆய்வைத்தான் அங்கே எதிர்பார்க்கிறார்கள். ஆசையும் ஊரும் சேரும் தலைப்பு அங்கே நன்றாக எடுபடும். கடை எரிமலை வாசலையே தாண்டாது.

பள்ளியே தலைப்புப் பட்டியல் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் அதிகம். ஆசையைப் பட்டியலுக்குள் நுழைத்துவிட வேண்டியதுதான். அடுப்படியையே சுற்றிவரும் பிள்ளைக்குப் பட்டியலில் 'சமையல்' இருக்காது. 'அமிலங்களும் காரங்களும்' கட்டாயம் இருக்கும். கருப்புக் கவுனி அரிசியை ஊறவைத்தால் தண்ணீர் கருஞ்சிவப்பாக இறங்குகிறதே, அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் இளஞ்சிவப்புக்குப் போகும், சமையல் சோடா போட்டால் நீலம், பச்சை என்று மாறும். புளித்தண்ணீர், மோர், சோப்புத் தண்ணீர், ஊருணித் தண்ணீர் என்று வரிசையாகக் கண்ணாடித் தம்ளர்களில் வைத்துப் பார்க்கலாம். அடுத்த முறை வீட்டில் கவுனி அரிசி ஊறப்போடும்போது, அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவைக்கும்படி அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும்.