வேரடி மண்ணை அகற்ற: காற்றழுத்தக் கருவியா, கைக்கரண்டியா?

அடிமரம் தரையைத் தொடும் இடத்தில் விரிந்திருக்க வேண்டும். கம்பம் நட்டதுபோல் நேராக இறங்கினால், அடிமரம் வேர்களாக விரியும் இடமான வேர்க்கழுத்து மண்ணுக்குள் புதைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். உள்ளே ஏதாவது ஒரு வேர் அடிமரத்தைச் சுற்றி நெரித்துக்கொண்டும் இருக்கலாம். மண்ணை விலக்கினால்தான் தெரியும்.

காற்றழுத்தக் கருவி ஒலியை மிஞ்சும் வேகத்தில் காற்றைப் பீய்ச்சுகிறது. மண்ணின் துளைகளில் காற்று புகுந்து கட்டி உடைகிறது. துளையற்ற வேர் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. பெரிய மரத்துக்கும் கெட்டிப்பட்ட மண்ணுக்கும் இதுவே சரி. ஆனால் கம்ப்ரசர் வேண்டும், கண்ணுக்கும் காதுக்கும் காப்பு வேண்டும், புழுதியும் கிளம்பும். வெளிப்பட்ட சல்லிவேர்கள் சீக்கிரம் காய்ந்துவிடும். உடனே ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள்.

வீட்டு மாமரத்துக்கு நான் கைக்கரண்டியும் மூங்கில் குச்சியுமே போதும் என்பேன். மெதுவான வேலைதான். ஆனால் பட்டை எங்கே நைந்து அழுகியிருக்கிறது என்பதை விரலே சொல்லிவிடும். மண்வெட்டி மட்டும் வேண்டவே வேண்டாம், ஒரே கொத்தில் பட்டை பெயர்ந்துவிடும்.

எந்த வழியில் தோண்டினாலும், நெரிக்கும் வேர் மெல்லியதாக இருந்தால் உளியால் வெட்டி எடுக்கலாம். அடிமரத்துக்குள் பதிந்துவிட்டதைப் பிடுங்காதீர்கள்; இரு முனையையும் துண்டித்து அப்படியே விடுங்கள். விலக்கிய மண்ணைத் திரும்ப வேர்க்கழுத்தின் மேல் தள்ளக் கூடாது.