விளக்குத்தூண் பக்கத்துப் பொம்மைக் கடையும் 70 விழுக்காடு வரியும்

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்திலிருந்து விளக்குத்தூணுக்குப் போகும் வழியில், நான் சிறு வயது முதல் போய்வரும் பொம்மைக் கடை ஒன்று இருக்கிறது. தங்கை மகனின் பிறந்தநாளுக்காக அங்கே பேட்டரியில் ஓடும் கார் ஒன்றும், மரச் சொப்புச் சாமான் ஒரு பெட்டியும் வாங்கினேன்.

முன்பெல்லாம் அந்தக் கடையில் பெரும்பாலும் சீனப் பொம்மைகளே நிறைந்திருக்கும். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. இடையே, 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. வரி மட்டும் ஏறியிருந்தால் மட்டமான உள்நாட்டுச் சரக்கு அந்த இடத்தைப் பிடித்திருக்கும். முத்திரையும் சேர்ந்துகொண்டதன் பலனை இந்தக் காரில் கையால் தொட்டே அறியலாம்: விளிம்புகள் கையைக் கீறவில்லை, பேட்டரி மூடியும் குழந்தை திறக்க முடியாதபடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறது.

குறை, மோட்டாரில். நான்காம் நாளே கார் நகராமல் நின்றுவிட்டது. கடைக்கார அண்ணாச்சி மறுபேச்சின்றி வேறொன்று கொடுத்தார். “கூடு நம்ம ஊர்க் கூடுதான் தம்பி, மோட்டார் இன்னும் வெளியிலிருந்துதான் வருகிறது” என்றார். முழுப் பொருளுக்கு வரிவேலி போட்டாலும், உள்ளே இருக்கும் சிறு மோட்டாரைச் செய்யும் திறன் தானாக வந்துவிடாது என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

கையில் பொம்மைக் கார் இருந்ததாலோ என்னவோ, நினைவு நிஜக் கார்களுக்குப் போயிற்று. நம் அம்பாசிடர் வெளிநாட்டுப் போட்டியே இல்லாத சந்தையில் பல பத்தாண்டுகள் ஏறக்குறைய அதே உருவத்தில் ஓடி, 2014இல் நின்றது. தென் கொரியாவும் தன் கார் தொழிலை இறக்குமதியிலிருந்து காத்தது; ஆனால் அரசு தந்த சலுகைக்கும் மலிவுக் கடனுக்கும் ஈடாக ஏற்றுமதி செய்து காட்டும்படி நிறுவனங்களை நெருக்கியது. 1975இல் வெளிவந்த ஹூண்டாய் போனி மறு ஆண்டே ஈக்வடாருக்குக் கப்பலேறியது. அதே நிறுவனம் 1998இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யத் தொடங்கியது. பாதுகாப்பு இரு நாட்டிலும் இருந்தது, கெடு வைத்துக் கணக்குக் கேட்டது ஒரு நாட்டில்தான். 70 விழுக்காட்டின் சுமையைக் கல்லாவில் செலுத்துபவன் என்ற முறையில், பொம்மைக்காரர்களிடமும் அந்தக் கணக்கு கேட்கப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

சொப்புச் சாமானைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. கடைசல் சுத்தமாக இருக்கிறது, அரக்குச் சாயம் ஈரக் கையில் ஒட்டவில்லை. பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு அந்தக் கட்டாய முத்திரையிலிருந்து விலக்கு உண்டு என்பதால், பெட்டியில் ஐ.எஸ்.ஐ. இல்லையென்று தயங்க வேண்டியதில்லை. கார் வாங்குவோர் மட்டும் கடையிலேயே பேட்டரி போட்டு ஓட்டிப் பார்த்து, ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.