சாராயம், ஜிஞ்சர் பியர், வனிலா: எந்த ஃபுளோட் தேறுகிறது?

ஃபுளோட் என்றால் சோடாவிலோ பியரிலோ ஐஸ்கிரீமை மிதக்கவிட்ட பானம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தென்னஞ்சாராயம், எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர், வனிலா ஐஸ்கிரீம் மூன்றும் சேர்ந்த ஃபுளோட்டுக்குப் பத்துக்கு எட்டரை. லயன் ஸ்டௌட் என்ற கறுப்பு பியரில் வனிலாவை மிதக்கவிட்டால் எட்டு, ஆனால் அது வெயிலுக்கான பானம் அல்ல, சாப்பாட்டுக்குப் பிறகு வரவேண்டியது. கிறீம் சோடாவில் சாராயம் ஊற்றிச் செய்வதற்கு மூன்று. அந்த மூன்றும் பச்சை நிறத்துக்காகத்தான்.

இலங்கையில் சாராயத்தை ஜிஞ்சர் பியரோடு குடிப்பது ஊரறிந்த பழக்கம். அதன் மேல் ஐஸ்கிரீம் ஏறியதுதான் அமெரிக்க வேலை. சோடாவில் ஐஸ்கிரீம் போட்டு விற்றவர் என்ற பெயர் பிலடெல்பியாவின் ராபர்ட் கிரீனுக்குப் போகிறது, ஆண்டு 1874. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1866இல், கொழும்பில் ஐஸ் கம்பனி ஒன்று தொடங்கிவிட்டது. பிற்காலத்தில் சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ் ஆனது அதுதான். எலிபன்ட் ஹவுஸ் என்ற பெயரில் சோடாவும் ஐஸ்கிரீமும் விற்பது அவர்களே. ஆக, இந்த ஃபுளோட்டின் மூன்று பங்கில் இரண்டு பங்கு மூலைக்கடைக் குளிர்பெட்டியிலேயே கிடைக்கும்.

இதைச் செய்யப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு, காசை எல்லாம் சாராயத்தில் போட்டுவிட்டு ஐஸ்கிரீமில் மிச்சம் பிடிப்பது. நேர்மாறாகச் செய்ய வேண்டும். நல்ல தென்னஞ்சாராயம், விரியாத தென்னம்பாளையிலிருந்து இறக்கிய கள்ளைக் காய்ச்சி வடித்து, ஹல்மில்ல மரப் பீப்பாயில் ஊறவிட்டது. ஆண்டுக்கணக்கில் ஊறும்போது அது மரத்திடமிருந்து வாங்கும் மணத்துக்குத்தான் விலை. அந்த மணம் மேலெழும்ப கொஞ்சம் சூடு வேண்டும். இங்கே அது நான்கு பாகை செல்சியசுக்குக் கீழே, பால்கொழுப்புக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. மூக்குக்கு எட்டுவது கொஞ்சம்தான். பழைய, விலை கூடிய சாராயத்தைத் தனியாகக் குடியுங்கள், ஃபுளோட்டில் கொட்டாதீர்கள். அதற்காக ஆகக் குறைந்த விலைக் கலவைச் சாராயமும் வேண்டாம். ஐஸ்கிரீம் உருகி இனிப்பு நீர்த்துவரும்போது அதன் காரமான வாடை மட்டும் தனியே நிற்கும். இடைத்தர விலையில், தென்னஞ்சாராயம் என்று லேபிளில் தெளிவாகப் போட்ட போத்தல் போதும்.

ஐஸ்கிரீமுக்கு வருவோம். கடையில் இரண்டு பெட்டி பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், இரண்டிலும் வனிலாதான், இரண்டும் ஒரு லீற்றர்தான். கையில் தூக்கிப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடக் கனமாக இருக்கும். ஐஸ்கிரீமைக் கடையும்போது உள்ளே காற்றை ஏற்றுகிறார்கள். கலவையின் அளவுக்குச் சமமாகக் காற்று ஏறினால் ஒரு லீற்றர் பெட்டி அரைக்கிலோவை ஒட்டித்தான் நிறுக்கும். அப்படிப்பட்டதை ஜிஞ்சர் பியரில் போட்டால் சோடாவின் வாயுவும் உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்து வெள்ளை நுரை மலைபோல எழும். இரண்டு நிமிடத்தில் மலை அமர்ந்ததும் கிளாஸில் மிஞ்சுவது கலங்கிய இனிப்புத் தண்ணீர். கனமான ஐஸ்கிரீம் மெல்ல உருகும், நுரையும் கட்டுக்குள் இருக்கும், கரண்டியால் தோண்டித் தின்னக் கடைசிவரை ஒரு கட்டி மிஞ்சும்.

அதோடு லேபிளில் ‘ஐஸ்கிரீம்’ என்று இருக்கிறதா, ‘ஃப்ரோசன் டெசேர்ட்’ என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டாவதில் பால்கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு. கோனில் வைத்துத் தின்னும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. குளிர்ந்த சோடாவோடு சேரும்போது தெரியும்: மேல் அண்ணத்தில் மெழுகு பூசியது போல ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும், அடுத்த வாய் ஜிஞ்சர் பியரின் காரம் நாக்கில் ஏறாது. இந்தப் பானத்தின் உயிரே இஞ்சிக் காரமும் பாலும் மாறிமாறி வருவதில்தான். அந்தப் படலம் விழுந்தால் விளையாட்டு முடிந்தது.

ஜிஞ்சர் பியரில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. எலிபன்ட் ஹவுஸின் இனிப்பும் காரமும் வனிலாவுக்கு ஈடுகொடுக்கும். லண்டன், டொராண்டோ தமிழ்க் கடைகளிலும் அது கிடைக்கிறது. கிடைக்காத ஊரில் வேறு ஜிஞ்சர் பியர் வாங்கலாம், ஆனால் ஜிஞ்சர் ஏல் வேண்டாம். அதன் காரம் ஐஸ்கிரீமைக் கண்டதும் படுத்துவிடும். கலப்பதற்கு முன்புதான் மூடியைத் திறக்க வேண்டும். ஒன்றரை லீற்றர் போத்தல் மலிவு, ஆனால் பத்துப் பேர் கைமாற்றிக் கொண்டிருந்தால் பாதியில் வாயு போய்விடும், ஒன்றுகூடலுக்குச் சின்னப் போத்தல்களே லாபம்.

வீட்டிலேயே இஞ்சி அரைத்து ஜிஞ்சர் பியர் செய்கிறவர்கள் கவனிக்க: பச்சை இஞ்சிச் சாற்றில் பாலைத் திரைக்கிற நொதியம் இருக்கிறது. சீனர்கள் இஞ்சிப்பால் கட்டித் தயிர் செய்வது அதை வைத்துத்தான். சாற்றைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் நொதியம் செத்துவிடும். இல்லாவிட்டால் ஐஸ்கிரீம் உருக உருகத் திரைந்துபோகலாம். தேசிக்காயும் இதே வேலையைப் பார்க்கும். சாராயத்துக்கும் ஜிஞ்சர் பியருக்கும் பழக்கதோஷத்தில் தேசிக்காய் பிழிகிற கை, இன்று சும்மா இருக்கட்டும். வாசம் வேண்டுமானால் பச்சைத் தோலை மட்டும் மெல்லச் சீவி மேலே தூவுங்கள், வெள்ளைப் பகுதி வேண்டாம், அது கசக்கும்.

அளவு இது. 400 முதல் 450 மி.லீ. கொள்ளும் உயரமான கிளாஸ் ஒன்றுக்குச் சாராயம் 45 மி.லீ., ஜிஞ்சர் பியர் 150 மி.லீ., சுமார் 70 மி.லீ. உருண்டையாக ஐஸ்கிரீம் இரண்டு. ஒரு சிட்டிகையில் பாதி உப்பு. அங்கொஸ்துரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு இருந்தால் இரண்டு சொட்டு. சீனிப்பாகு, தேன், பாணி எதுவும் கூடாது, ஏற்கெனவே இரண்டு இனிப்பு இருக்கிறது.

வேலை முந்தின இரவே தொடங்குகிறது. ஐஸ்கிரீமை உருண்டைகளாக எடுத்து, எண்ணெய்க் கடதாசி விரித்த தட்டில் வைத்து, மூடி பிரீசரில் திரும்ப இறுக விடுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம், இரவு முழுக்க இருந்தால் நல்லது. வெளிப்புறம் கல்லாக இறுகிய உருண்டை சோடாவில் விழும்போது நுரை குறையும். விருந்தாளிகள் நிற்கும்போது பெட்டியோடு மல்லுக்கட்டத் தேவையும் இல்லை. சாராயப் போத்தலையும் இரண்டு மணி நேரம் பிரீசரில் வையுங்கள், வீட்டுப் பிரீசரின் குளிரில் அது உறையாது. அறைச் சூட்டில் இருக்கும் சாராயம் இந்தப் பானத்துக்கு எமன். கொழும்பு வெயிலில் 31 பாகையில் கிடந்த போத்தலிலிருந்து ஊற்றினால் முதல் உருண்டையின் அடிப்பாகம் கண்முன்னே கரையும்.

கிளாஸை மட்டும் பிரீசரில் வைக்காதீர்கள், பிரிட்ஜின் கீழ்த்தட்டில் குளிர்ந்தால் போதும். பிரீசரில் வைத்தால் உட்சுவரில் பனி படியும், அந்தப் பனித்துகள் ஒவ்வொன்றிலும் குமிழி பிறக்கும்.

முதலில் சாராயத்தை ஊற்றி உப்பை அதிலேயே கரையுங்கள். உப்பைக் கடைசியில் மேலே தூவினால் சோடா பொங்கி வழியும். பிறகு கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, 100 மி.லீ. ஜிஞ்சர் பியரைச் சுவரோரமாக வழியவிடுங்கள். நுரை அமரும்வரை பத்து விநாடி பொறுங்கள். ஒரு உருண்டையைக் கரண்டியில் வைத்து மெல்ல இறக்குங்கள். அது கொஞ்சம் அமிழ்ந்து எழுந்து மிதக்கும், சுற்றிலும் வெண்மையாக ஒரு வளையம் கட்டும். வளையம் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நின்றால் கணக்குச் சரி. இரண்டாவது உருண்டையை முதலாவதின் தோளில் சாய்த்து வைத்துவிட்டு, மீதி 50 மி.லீ.ஐக் கரண்டியின் முதுகில் விழும்படி ஊற்றுங்கள். மேல்நுரை சற்று நேரத்தில் பனிக்கட்டித் துகள்போல மொறுமொறுவென்று இறுகும். இந்தப் பானத்தில் ஆக ருசியான இடம் அதுதான். நீளக் கரண்டியும் அகலமான ஸ்ட்ரோவும் சேர்த்துக் கொடுங்கள். கலக்க வேண்டாம் என்று சொல்லியும் கொடுங்கள்.

ஐஸ்கிரீமை முதலில் போட்டு மேலே சோடா ஊற்றுகிற முறையை வீடியோக்களில் நிறையக் காணலாம். படத்துக்கு அது நன்றாகப் பொங்கும். மேசைவிரிப்பைத் துவைக்கப் போகிறவர் வேறு ஆள் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

வலிமையை நாக்கை நம்பிக் கணக்கிடக் கூடாது. 36 வீதச் சாராயம் 45 மி.லீ. என்றால் அதில் தனி மதுசாரம் 16 மி.லீ. சொச்சம். ஐந்து வீத பியர் 330 மி.லீ. போத்தலில் இருப்பதும் அதே அளவுதான். ஆனால் பியரை யாரும் ஐந்து நிமிடத்தில் கரண்டியால் அள்ளித் தின்பதில்லை. குளிரும் இனிப்பும் சேர்ந்து மதுவின் சுவையை அப்படியே மூடிவிடுகின்றன. ஆளுக்கு இரண்டு போதும், வண்டி ஓட்டுகிறவருக்கு ஒன்றும் வேண்டாம்.

லயன் ஸ்டௌட் இந்த விஷயத்தில் இன்னும் ஏமாற்றும். அது 8.8 வீதம். சாராயம் சேர்க்காத, ‘வெறும் பியர்’ ஃபுளோட்தானே என்று 200 மி.லீ. ஊற்றினால் 17.6 மி.லீ. மதுசாரம் உள்ளே போகிறது. அதாவது சாராய ஃபுளோட்டைவிடக் கூட. சுவையில் குறை சொல்ல முடியாது. வறுத்த கோப்பியும் கறுப்புச் சொக்லேட்டும் கலந்த அந்தக் கசப்பில் வனிலா உருகும்போது, சீனி குறைத்த பால்கோப்பியின் சாயல் வருகிறது. இங்கே மட்டும் ஒரு தேக்கரண்டி கித்துள் பாணி அனுமதி. பாணியின் புகை மணம் ஸ்டௌட்டோடு ஒட்டும். ஆனால் ஐஸ்கிரீமின் மேல் விடவேண்டும், கிளாஸில் விட்டால் அடியில் போய்ப் படுத்துவிடும். நுரையும் வேறு சாதி: ஜிஞ்சர் பியர் நுரை சட்டென்று எழுந்து சட்டென்று விழும், ஸ்டௌட் நுரை மெல்ல ஏறி இறங்க மாட்டேன் என்று நிற்கும். ஆகவே இரண்டுக்குப் பதில் ஒரு உருண்டையோடு தொடங்குங்கள். சொக்லேட் ஐஸ்கிரீம் போடுவது வீண், கசப்பின் மேல் கசப்பு.

கிறீம் சோடாவில் வனிலா மணம் முன்பே இருக்கிறது, அதன் மேல் வனிலா ஐஸ்கிரீம் போட்டால் இனிப்பு இனிப்போடு மோதுகிறது, எதிர்த்து நிற்க ஒன்றுமில்லை. பனஞ்சாராயத்துக்கு வனிலா சேராது, இரண்டு மணமும் ஒன்றையொன்று தள்ளும். கைவசம் அதுதான் இருக்கிறது என்றால் வனிலாவை விட்டுவிட்டு மாம்பழ ஐஸ்கிரீம் எடுங்கள், கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பருவமாக இருந்தால் இரண்டு துண்டை உறையவைத்து மேலே போடுங்கள். அது வேறொரு பானம், மோசமில்லை.

ஒன்றுகூடலுக்குக் கணக்கு: 750 மி.லீ. சாராயப் போத்தல் 16 கிளாஸுக்கு வரும். அதற்கு ஜிஞ்சர் பியர் 2.4 லீற்றர், கொட்டுவதையும் வாயு போவதையும் சேர்த்து மூன்று லீற்றர் வாங்குங்கள். ஐஸ்கிரீம் 2¼ லீற்றர் பிடிக்கும், அதுவும் மூன்றாக இருக்கட்டும். சேதாரம் எப்போதும் ஐஸ்கிரீமில்தான். உருண்டைத் தட்டை மேசைக்குக் கொண்டுவராதீர்கள், நான்கு நான்காக எடுத்து வாருங்கள். சாராயத்தை முன்கூட்டியே கிளாஸ்களில் அளந்து குளிரவைத்தால் ஒருவரே எட்டுப் பேருக்குச் சமாளிக்கலாம். போயா எனப்படும் பௌர்ணமி நாளில் மதுக்கடை பூட்டு, சித்திரைப் புத்தாண்டையொட்டியும் பூட்டுவது வழக்கம். சரியாக வெயில் உச்சத்தில் இருக்கும் நேரம் அது, நாட்காட்டியைப் பார்த்து வாங்கி வையுங்கள். இலங்கையில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மது விற்கக் கூடாது. பிள்ளைகளுக்குச் சாராயம் இல்லாத ஃபுளோட்டை வேறு நிறக் கோப்பையில் கொடுங்கள், ஒரே மாதிரிக் கிளாஸில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

குடித்து முடித்த கிளாஸ்களைக் காயவிடாமல் உடனே பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சவர்க்காரமும் சுடுநீரும் போட்டுக் கழுவுங்கள். சுவரில் பால்கொழுப்பு துளி மிஞ்சினாலும் அடுத்த முறை அதே கிளாஸில் ஊற்றுகிற பியருக்கு நுரை நிற்காது.